ஹார்ட்வயர்டா, மைக்ரோகோடா? சொந்தமாக பிராசசர் கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தங்கச்சிமடம், பாம்பன் பக்கமிருந்து ராமநாதபுரத்துக்கும் காரைக்குடிக்கும் பொறியியல் படிக்கப் போகிற மாணவர்கள், இறுதியாண்டு புராஜெக்டாக எஃப்பிஜிஏ போர்டில் சின்ன பிராசசர் ஒன்றைக் கட்ட ஆசைப்படலாம். கூட்டிக் கழிக்கும் ஏஎல்யூவும் ரெஜிஸ்டர்களும் சீக்கிரம் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது கன்ட்ரோல் யூனிட். அதை எந்த முறையில் கட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதி வேலை மிச்சம்.

கன்ட்ரோல் யூனிட்டின் வேலை வரிசை காப்பது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியை உயர்த்துவதென்றால், பாலத்தில் ரயில் இல்லை என்பது முதலில் உறுதியாக வேண்டும். அப்புறம் பூட்டு விலக வேண்டும். அதற்குப் பிறகே மோட்டார் ஓடலாம். பிராசசருக்குள்ளும் ஒவ்வொரு கட்டளைக்கும் இப்படி ஒரு படிவரிசை உண்டு. ஆய்வகத்தில் எல்லோரும் தொட்டுப் பார்த்த 8085-இல், ரெஜிஸ்டருக்கு ரெஜிஸ்டர் நகர்த்தும் ‘மூவ்’ 4 டி-ஸ்டேட்டில், அதாவது 4 கிளாக் சுற்றில், முடியும். ‘கால்’ கட்டளைக்கு 18 வேண்டும்: ஓப்கோடைப் படித்து, இரண்டு பைட் முகவரியைப் படித்து, திரும்பி வரவேண்டிய முகவரியை இரண்டு பைட்டாக ஸ்டேக்கில் எழுத வேண்டும். இந்தப் படிகளை எங்கே எழுதி வைப்பது என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

முதல் வழி: ஹார்ட்வயர்டு

ஓப்கோட், படி எண்ணும் கவுன்டர், ஃப்ளாக் மூன்றும் லாஜிக் கேட்களுக்குள் போகும். மறுபக்கம் கட்டுப்பாட்டு சிக்னல்கள் வெளிவரும். இடையில் நினைவகம் எதையும் படிக்கத் தேவையில்லாததால் வேகம் அதிகம். ஆனால் ஒரு கட்டளையைத் திருத்தினால் சமன்பாடுகள் மாறும். மற்றக் கட்டளைகளையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

கட்டளைகள் ஒரே அச்சில் இருந்தால் இந்த வழிதான் லாபம். ரிஸ்க்-ஃபைவின் 32 பிட் அடிப்படைத் தொகுப்பில் 40 கட்டளைகள். எல்லாமே 32 பிட் அகலம்; ஓப்கோட் எப்போதும் கடைசி 7 பிட்டில் இருக்கும். சென்னை ஐஐடியின் சக்தி பிராசசர்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ‘இ’ வகைக்கு 3 நிலை பைப்லைன், ‘சி’ வகைக்கு 5 நிலை. இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கி 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐரிஸ் சிப்பும் சக்தியின் வழி வந்ததே. எல்லாக் கட்டளைகளும் அதே நிலைகளின் வழியாகப் போகும் பைப்லைனில், கட்டளைக்குக் கட்டளை தனிப் படிவரிசை எழுதி வைக்க வேண்டிய அவசியம் குறைவு.

இரண்டாம் வழி: மைக்ரோகோட்

1951-இல் மாரிஸ் வில்க்ஸ் சொன்ன யோசனை இது. ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி; அந்த வரியின் பிட்களே சிக்னல்கள்; வரிகள் மொத்தமும் ஒரு சிறு நினைவகத்தில் இருக்கும். 1958-இல் இயங்கத் தொடங்கிய கேம்பிரிட்ஜின் எட்சாக் 2 இப்படிக் கட்டப்பட்டது. ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் பெரும்பாலான மாடல்கள் மைக்ரோகோடில் ஓடின. வேகம் முக்கியமான மாடல் 75 போன்ற சில ஹார்ட்வயர்டு. ஒரே கட்டளைத் தொகுப்புக்கு ஒரே நிறுவனம் இரண்டு வழியையும் தேவை பார்த்து எடுத்துக்கொண்டது.

இதில் போனால் இன்னும் இரண்டு முடிவுகள் காத்திருக்கும்.

அடுத்த வரி எது? கட்டளையின் முதல் வரியை ஓப்கோடை வைத்து ஓர் அட்டவணை காட்டும். அதன் பிறகு மூன்று விதம். வரிக்குள்ளேயே அடுத்த முகவரியை எழுதலாம். தாவுவது சுலபம், ஆனால் வரி அகலமாகும். மைக்ரோ-பிசி கவுன்டரை ஒவ்வொன்றாகக் கூட்டி, தேவைப்படும் இடத்தில் மட்டும் தாவலாம். சிறிய புராஜெக்டுக்கு இது போதும். பல கட்டளைகளுக்கு முகவரிக் கணக்கு பொதுவாக இருந்தால், அதை ஒரே இடத்தில் எழுதி எல்லாக் கட்டளைகளும் அழைக்கலாம்; அப்போது திரும்பி வரும் இடத்தை நினைவில் வைக்க ஸ்டேக்கும் வேண்டும். ஏஎம்டியின் 2910 சீக்வென்சர் இதற்குப் பாடம்: கவுன்டர், ஸ்டேக், உள் ரெஜிஸ்டர், வெளி முகவரி என நான்கு இடங்களில் ஒன்றிலிருந்து அடுத்த முகவரியை எடுக்கும், 12 பிட் முகவரியால் 4096 வரிகளை எட்டும்.

வரி எவ்வளவு அகலம்? பஸ்ஸில் 7 ரெஜிஸ்டர்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் என 7 பிட் வைப்பது ஹரிசான்டல் முறை. ‘யாருமில்லை’ என்பதையும் சேர்த்து எட்டு நிலைகளை 3 பிட்டில் சுருக்கி எழுதுவது வெர்ட்டிகல் முறை. சுருக்கினால் டிகோடர் வழியாகப் போகிற தாமதம் கூடும். பதிலாக, கைத்தவறாக இரண்டு ரெஜிஸ்டர்களை ஒரே நேரத்தில் பஸ்ஸில் விட வழியே இருக்காது. இன்டெல் 8086-இல் 21 பிட் அகலத்தில் 512 வரிகள். மோட்டரோலா 68000 இரண்டு அடுக்கு வைத்தது: 17 பிட் மைக்ரோ வரி, 68 பிட் நானோ வரியைக் காட்டும். சிப்பில் இடம் அருமையாக இருந்த காலத்துச் சிக்கனம் அது. இன்றைய ஆர்ட்டிக்ஸ்-7 எஃப்பிஜிஏவில் 48 பிட் அகலத்தில் 256 வரிகள் வைத்தாலும் 12,288 பிட்தான். 36 கிலோபிட் பிளாக் ராம் ஒன்றிலேயே அடங்கிவிடும். அகலத்துக்குக் கஞ்சப்பட வேண்டாம்; பஸ்ஸைத் தொடும் பகுதியை மட்டும் சுருக்கி எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பிளாக் ராம் முகவரியைக் கிளாக் விளிம்பில் வாங்கி, அதன் பிறகே வரியைத் தரும். அதன் வெளியீட்டையே மைக்ரோ கட்டளை ரெஜிஸ்டராக வைத்துக்கொண்டு, அடுத்த முகவரியை விளிம்புக்கு முன்பே தயார் செய்யுங்கள். இந்தப் படியில் மாறும் ஃப்ளாக்கை அடுத்த படியில்தான் சோதிக்க முடியும் என்று வைத்துக்கொண்டால் பல தலைவலிகள் தீரும்.

கலந்தும் கட்டலாம். இன்டெலின் இன்றைய பிராசசர்களில் எளிய கட்டளைகளை டிகோடர்களே நேராகக் கையாளும். சிக்கலானவை மட்டும் மைக்ரோகோட் ரோமுக்குப் போகும். 2018-இல் ஸ்பெக்டர் குறைபாடு வெளிவந்தபோது, விற்றுப்போன சிப்களுக்கும் மைக்ரோகோட் அப்டேட் அனுப்ப முடிந்தது.

முடிவெடுக்க

கோட் எழுதும் முன் ஒரு தாளில் கட்டளைகளை வரிசையாகவும், படிகளை அவற்றுக்கு நேராகவும் எழுதுங்கள்.

• எல்லா வரிசைகளும் ஏறக்குறைய ஒரே நீளமென்றால் ஹார்ட்வயர்டு.

• ஒன்று நான்கு படி, இன்னொன்று பதினெட்டு என்று சிதறிக் கிடந்தால் மைக்ரோகோட்.

• கட்டளைத் தொகுப்பே இன்னும் உறுதியாகவில்லை என்றாலும் மைக்ரோகோட்; பிழை வந்தால் சுற்றைத் தொடாமல் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

• நீளமான கட்டளைகள் இரண்டு மூன்றுதான் என்றால், அவற்றைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால், கேள்வியே தீர்ந்துவிடும்.