கூத்தும் பாடமே: ஊர் மேடையைக் கற்றல் வளமாக்குவோம்

இயல், இசை, நாடகம் என்று முத்தமிழைப் பிரித்துச் சொல்ல நம் மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். இயல் அவர்கள் கையில் பாடநூலாக இருக்கிறது. இசை கைப்பேசியில் இருக்கிறது. நாடகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். "நேரில் நாடகம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். உயர்ந்த கைகள் சிலவே. "உங்கள் ஊரில் திருவிழாவில் எதுவும் போடுவதில்லையா?" என்று திரும்பக் கேட்டபோது ஒரு மாணவன் சொன்னான்: "அது நாடகம் இல்ல டீச்சர், சும்மா கூத்து."

நாம் வகுப்பறையில் எடுத்துப் பேச வேண்டிய செய்தி இந்த ஒரு வரியில் இருக்கிறது. பாடநூலில் வருவது நாடகம், தன் ஊர்த் திடலில் நடப்பது வெறும் கூத்து என்று ஒரு குழந்தை பிரித்து வைத்திருக்கிறது. "என்ன கூத்தடிக்கிறீங்க?" என்று நாமும் அந்தச் சொல்லைக் கண்டிப்பதற்குத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் காவிரிப் படுகையில் அந்தச் சொல்லுக்கு ஆயிரம் ஆண்டுப் பெருமை உண்டு. அதை மாணவர்களுக்கு எப்படிக் காட்டலாம், ஊர் மேடையை எப்படிப் பாடமாக்கலாம் என்பதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல் அளந்து கொடுத்த கூத்து

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது அது. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடத்துவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற கலைஞருக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க வேண்டும் என்பது அதன் செய்தி. விஜயராஜேந்திர ஆச்சாரியன் என்ற பட்டமும் பெற்றவர் அவர். அரசன் ஆணையில் அந்தக் கலைஞர் குறிக்கப்படும் சொல் "சாந்திக் கூத்தன்".

நிகழ்ச்சிக்குப் பெயர் நாடகம், நிகழ்த்துபவருக்குப் பெயர் கூத்தன். இரண்டு சொல்லும் ஒரே கல்லில் இருக்கின்றன. நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். அது கூத்தப் பெருமானின் பெயர். நம் மாணவன் தாழ்வாக நினைத்துச் சொன்ன சொல், அரசன் கல்லில் வெட்டிய சொல் என்று தெரிந்ததும் வகுப்பில் ஏற்படும் மாற்றத்தை நேரில்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கல்வெட்டு மொழிப்பாடத்தோடு நிற்பதில்லை. ஒரு கலம் 12 மரக்கால், ஒரு மரக்கால் 8 நாழி. அப்படியானால் 120 கலம் என்பது 1,440 மரக்கால், 11,520 நாழி. ஐந்தாம் வகுப்புக் குழந்தையும் இதைக் கணக்கிடும். நெல் விளையும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் பெருக்கல் கணக்காக இராது. "நம்ம வீட்டுக்கு ஒரு வருசத்துக்கு எவ்வளவு நெல்லு வேணும்?" என்ற அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும். ஒரு கலைஞரை ஊர் எப்படித் தாங்கியது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. அந்த நாடகத்தின் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுதி வைக்காத, தொடர்ந்து நிகழ்த்தாத கலைக்கு என்ன நேரும் என்பதும் ஒரு பாடம்தான்.

ஒரே கதை, இரண்டு மேடை

பெரிய கோயிலோடு இந்த மரபு முடிந்துவிடவில்லை. இன்றும் கோடையில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் மேடை கட்டுகிறார்கள். அவற்றுள் இரண்டை ஒப்பிட்டுப் படிக்கலாம்.

முதலாவது மெலட்டூர் பாகவத மேளா. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர் இவ்வூரை அந்தணக் குடும்பங்களுக்கு வழங்கினார் என்பது ஊர் வரலாறு. 18ஆம் நூற்றாண்டில், மராட்டியர் ஆட்சியில் இங்கு வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரி பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கதா, அரிச்சந்திரா முதலிய நாடகங்களைத் தெலுங்கில் இயற்றினார். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராசப் பெருமாள் கோயிலுக்கு எதிரே பந்தல் போட்டு, இரவில் தொடங்கி நெடுநேரம் நடக்கும். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பார்கள். வேடங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகின்றன. வெளியூரில் அலுவலகங்களில் பணிபுரிபவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வேடமிடுகிறார்கள். நரசிம்மர் முகமூடி கோயிலில் வைத்து வழிபடப்படுவது. அதை அணிபவர் நோன்பிருந்து அணிவார். இருபதாம் நூற்றாண்டில் நலிந்திருந்த இக்கலைக்கு வெளியுலகின் கவனம் கிடைக்கப் பாடுபட்டவர்களுள் ஈ. கிருஷ்ண ஐயர் முக்கியமானவர். சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் பாகவத மேளா உண்டு.

இரண்டாவது, இதே மாவட்டத்து ஆர்சுத்திப்பட்டில் நடக்கும் இரணிய நாடகம். கதை அதே பிரகலாதன் கதை. மொழி தமிழ். நடிப்பவர்கள் உழவுத்தொழில் சார்ந்த ஊர்மக்கள். முக்கியப் பாத்திரங்களை ஒரே நேரத்தில் இருவர் ஏற்று மேடையில் நிற்பது இதன் தனிச்சிறப்பு. இரண்டு இரணியன், இரண்டு பிரகலாதன்! ஒரு பாத்திரத்துக்கு ஒரு நடிகர் என்றே சினிமாவில் பார்த்துப் பழகிய குழந்தைக்கு இது பெரிய வியப்பு. "ஏன் இரண்டு பேர்?" என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடாமல் அவர்களையே ஊகிக்க விடுங்கள். "திடலோட ரெண்டு பக்கத்துல இருக்கறவங்களும் பார்க்கணும்ல" என்றது ஒரு குரல். "ஒருத்தரே ராத்திரி முழுக்கப் பாடினா தொண்டை கட்டிக்கும்" என்றது மற்றொன்று. "இரணியன் அவ்வளவு பெரியவன்னு காட்டத்தான்" என்று ஒரு மாணவி சொன்னாள். நாடக ஆக்கத்தைப் பற்றி எட்டாம் வகுப்பு இப்படி விவாதிப்பதை எந்த வரையறையாலும் பெற முடியாது.

ஒரே கதையை ஓர் ஊர் தெலுங்கிலும் மற்றோர் ஊர் தமிழிலும் சொல்கின்றன. ஓர் ஊரில் கருநாடக இசையும் சதிர் அடவுகளும் துணை. மற்றதில் நாட்டார் இசையும் வசனமும் துணை. எது உயர்ந்தது என்ற கேள்வி நமக்குத் தேவையில்லை. எது எப்படிச் செய்யப்படுகிறது என்பதே கேள்வி. மேல்வகுப்பில், யார் மேடையேறினார்கள், யார் கீழே இருந்து பார்த்தார்கள், பெண்களுக்கு ஏன் இடமில்லை என்பவற்றையும் தயங்காமல் பேச வேண்டும். பெண்களே ஆடிய நாடகமும் தஞ்சையில் இருந்தது. இரண்டாம் சரபோஜி மன்னரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயிலில் ஆடியவர்கள் கோயில் நாட்டியப் பெண்கள். வரலாற்றில் ஒரு மேடைக்கு ஒரே விதி என்றில்லை என்பதை இந்த எடுத்துக்காட்டு புரியவைக்கும்.

நேரில் பார்ப்பதால் என்ன கிடைக்கும்?

காணொலியிலேயே காட்டிவிடலாமே என்று தோன்றும். முன்னறிமுகத்துக்கு அது உதவும். ஆனால் நேரடி நிகழ்வு தருவது வேறு.

முதலாவது, பாத்திரத்தின் வருகை. திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, பாட்டின் வழியே தன்னை அறிமுகப்படுத்திய பின்னரே அரசன் வெளிப்படுவான். காத்திருந்து பார்ப்பது ஒரு கற்றல். இரண்டாவது, பார்வையாளரின் பங்கு. நரசிம்மர் வரும்போது கூட்டம் எழுந்து நிற்கிறது. கோமாளியின் கேலிக்கு முன்வரிசை பதில் சொல்கிறது. பார்ப்பவர் இல்லாமல் நாடகம் இல்லை என்பது அங்கே கண்ணெதிரே புரிகிறது. மூன்றாவது, மீண்டும் எடுக்க முடியாத தன்மை. ஒலிவாங்கி நின்றுபோனாலும் பாட்டு நிற்பதில்லை. பின்பாட்டுக்காரர் குரலை உயர்த்திச் சமாளிக்கிறார். மேடையேறிப் பேசத் தயங்கும் மாணவருக்கு, தடை வந்தால் தொடர்வது எப்படி என்று இதைவிடச் சிறப்பாகக் காட்ட முடியாது.

வகுப்பறையில் செயல்படுத்துவது எப்படி?

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் பகுதியில் நாடகக் காலம் கோடைக்காலம். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாட்கள் அவை. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு வழக்கமான நாள். அதன்பின் ஊருக்குக் குறுவை வேலை வந்துவிடும். ஆகவே மேடை கட்டும் மாதங்களில் பள்ளிக்கு விடுமுறை. இதனால் சுற்றுலாவாக அழைத்துச் செல்வது கடினம். எனவே இதை விடுமுறைக் களப்பணியாகத் திட்டமிடுவதே ஏற்றது.

விடுமுறைக்கு முன் இரண்டு பாடவேளை போதும். முதல் பாடவேளையில் கல்வெட்டுச் செய்தியையும் இரண்டு ஊர்களின் கதையையும் சொல்லலாம். இரண்டாவதில் ஒரு பார்வைத் தாளை மாணவர்களோடு சேர்ந்து தயாரிக்கலாம். நாங்கள் பயன்படுத்திய கேள்விகள் இவை:

1. மேடை எங்கே போடப்பட்டது? அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது?
2. முதலில் மேடைக்கு வந்தது யார்? அவர் என்ன செய்தார்?
3. எந்தெந்த இசைக்கருவிகள் இருந்தன?
4. பேச்சுத் தமிழ் எங்கே வந்தது? செந்தமிழ் எங்கே வந்தது? வேறு மொழி வந்ததா?
5. நடித்தவர் மறுநாள் காலையில் என்ன வேலைக்குப் போனார்?
6. நாடகம் பார்க்க வாய்ப்பில்லை என்றால், வீட்டுப் பெரியவர் பார்த்த ஒரு நாடகத்தைக் கேட்டு எழுதுக.

ஆறாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. எல்லாக் குழந்தைக்கும் இரவு நிகழ்ச்சிக்குப் போகும் வாய்ப்பு இராது. அரிச்சந்திரன் மயான காண்டம் பார்த்து அழுத கதையைச் சொல்லாத பாட்டி நம் பகுதியில் அரிது. அந்தக் கேள்விக்கு வந்த பதில்களே பெரும்பாலும் நீளமானவை.

ஐந்தாவது கேள்விதான் என் வகுப்பில் அதிகம் வேலை செய்தது. "சந்திரமதி வேஷம் போட்ட மாமா காலைல டிராக்டர் ஓட்டிக்கிட்டுப் போனாரு, கண்ணுல மை அப்படியே இருந்துச்சு" என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. மற்றொரு மாணவன் தாளில் எழுதவில்லை. ஜூன் மாதம் தனியாக வந்து, "எங்கப்பா வேஷம் கட்டுவாரு டீச்சர். சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல" என்றான். அவன் தந்தையைப் பள்ளிக்கு அழைத்தோம். அரிதாரம் பூசுவது எப்படி, எட்டடி தூரத்துக்கும் எண்பதடி தூரத்துக்கும் புருவத்தை எப்படி மாற்றி வரைவது என்று ஒரு பாடவேளை முழுவதும் செய்து காட்டினார். அந்தப் பாடவேளை முடிந்ததும் பிள்ளைகள் அந்த மாணவனைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

பள்ளி திறந்த பின், வகுப்புநிலைக்கேற்பச் செயல்பாடுகளை அமைக்கலாம். தொடக்க வகுப்புகளில் ஒரு சேலையைத் திரைச்சீலையாகப் பிடித்து, ஒவ்வொரு குழந்தையும் தனக்குப் பிடித்த பாத்திரமாக இரண்டு வரி பாடிக்கொண்டு வெளிப்படட்டும். கூச்சமுள்ள குழந்தை திரைக்குப் பின்னிருந்து குரல் மட்டும் கொடுத்தாலும் போதும். நடுநிலை வகுப்புகளில் ஒரே காட்சியை ஒருமுறை ஒற்றை நடிகரோடும் மறுமுறை இரட்டை நடிகர்களோடும் நடித்துப் பார்த்து வேறுபாட்டை எழுதலாம். உயர்நிலை வகுப்புகளில் கலைஞரிடம் நேர்காணல், செய்தி அறிக்கை, ஊர் மேடை வரலாறு ஆகியவற்றை எழுதச் செய்யலாம். கலைத் திருவிழாப் போட்டிகளுக்கு இந்தப் பயிற்சி தானாகவே உதவும்.

கவனிக்க வேண்டியவை

இந்நிகழ்வுகள் பல வழிபாட்டோடு இணைந்தவை. நாம் கற்பிப்பது கலையை. எந்தச் சமயத்துக் குழந்தையும் சங்கடமின்றிப் பங்கேற்கும்படி பணி அமைய வேண்டும். திருவிழா நாடகம் தவிர, தேவாலய வளாகங்களில் நடக்கும் பாஸ்கா நாடகம் போன்றவற்றையும் ஏற்றுக்கொள்ளலாம். இரவு நிகழ்ச்சிக்குப் பெற்றோருடன் மட்டுமே செல்ல வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும். கலைஞரின் அனுமதியின்றிக் காணொலி எடுக்கக் கூடாது. சாதிப் பெயரை முன்வைத்து எழுதும் வழக்கத்துக்கு இடம் தராமல், "யார் நடிக்கிறார்கள்" என்பதைத் தொழில், குடும்பம், பயிற்சி என்ற கோணங்களில் எழுதப் பழக்கலாம். கேலியாக வரும் எந்தச் சொல்லையும் அந்த இடத்திலேயே நிறுத்திப் பேசிவிட வேண்டும்.

மதிப்பீட்டை எளிமையாக வைத்துக்கொள்ளலாம். உற்றுநோக்கியது, சொந்த நடையில் எழுதியது, சக மாணவரின் ஊரைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டது ஆகிய மூன்றும் போதும்.

எந்தப் பள்ளியிலிருந்தும் சில கிலோமீட்டருக்குள் ஏதோ ஒரு மேடை இருக்கும். கோயில் வாசலாக, களத்துமேடாக, கீற்றுப் பந்தலாக இருக்கலாம். அது எந்த மாதம், எந்த நாளில் நடக்கும் என்பதை இப்போதே ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வகுப்பு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அடுத்த கோடை விடுமுறைக்கு முன் பார்வைத் தாள் மாணவர் கையில் இருக்கட்டும். நாடகம் என்றால் என்ன என்ற கேள்விக்குத் தங்கள் ஊரின் பெயரைச் சொல்லி விடை எழுத அவர்களால் முடியும்.