மர-அம்பர் வாசனைத் திரவியம்: வாங்குமுன் அறிய வேண்டியவை

மர-அம்பர் என்பது சந்தனம், தேவதாரு முதலிய மரங்களின் மணத்தோடு சாம்பிராணி, வனிலா, லாப்டனம் என்னும் செடிப்பிசின் ஆகியவற்றின் இனிய மணம் சேர்ந்த வகையாகும். திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கும் அம்பர் இதனின்று வேறானது; அதன் விற்பனை இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

• மணம்: காகிதப் பட்டையை முகர்ந்தவுடன் முடிவெடுக்காமல், மணிக்கட்டில் ஒருமுறை தெளித்து, தேய்க்காமல் விட்டு, முதலில் எழும் மேல்மணம் அடங்கி, நான்கைந்து மணி நேரத்துக்குப் பின் தோலில் எஞ்சும் அடிமணத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

• வெயில்: தென்னேரி, காஞ்சிபுரம் வட்டாரக் கோடையில் தோல் சூடேறி மணம் விரைந்து பரவுவதால், பகலில் ஒன்றிரண்டு தெளிப்பே போதுமானது.

• பட்டு: திரவியத்தில் உள்ள ஆல்கஹாலும் எண்ணெயும் பட்டில் கறை படியச் செய்து, வெள்ளி இழையில் பொன்முலாம் பூசிய சரிகையையும் மங்கச் செய்யக்கூடும் என்பதால், தோலில் தெளித்து நன்கு உலர்ந்த பின்னரே பட்டுச்சேலை உடுத்துதல் நலம்.

• விலை: ஒரு தெளிப்புக்கு ஏறத்தாழ 0.1 மி.லி. செலவாவதால், 50 மி.லி. குப்பியின் விலையை 500-ஆல் வகுத்தால் ஒரு தெளிப்பின் விலை கிடைக்கும். அன்றாடச் செலவுக்கு அது தாங்குமா என்பதை அதன் பின்னரே முடிவு செய்யலாம்.