பழைய சோறும் பழைய தாளும்

அன்புள்ள யாழினி,

சத்துணவுக் கூடத்தில் மீந்த சோற்றையும் வகுப்பறையில் சேரும் தாள் குப்பையையும் வைத்து எரிவாயு எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் சோற்றை மட்டும் கொட்டினால் வாயு எடுக்கும் கலன் சில நாளிலேயே படுத்துவிடும். ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

காற்றுப் புகாத கலனுக்குள் பல வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. சில, மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைத்துக் கரைக்கும். சில, அதை அமிலங்களாக்கும். வேறு சில, அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். இவை இரண்டையும் தின்று மீத்தேனைத் தருபவை ஆர்க்கியா என்ற பழங்கால உயிர்கள். அமிலம் செய்பவை மணிக்கணக்கில் பெருகும். ஆர்க்கியா பெருக நாள்கணக்காகும். சிக்கல் இங்கேதான். இட்லி மாவு ஓரிரவில் பொங்கிப் புளிப்பதுபோலச் சோறும் சட்டென்று புளித்துவிடும். பிஎச் அளவு 6.5-க்குக் கீழே இறங்கினால் ஆர்க்கியா சோர்ந்துபோகும், அமிலம் இன்னும் சேரும்.

தாள் உதவுவது இங்கேதான். அதிலுள்ள செல்லுலோஸ் மெல்லக் கரைவதால் அமிலமும் மெல்லத்தான் வரும். இன்னொரு நன்மையும் உண்டு. நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 20 முதல் 30 பங்கு இருப்பது நல்லது. பருப்பும் முட்டையும் கலந்த உணவில் நைட்ரஜன் கூடுதல். அது அம்மோனியாவாகி நுண்ணுயிர்களை வாட்டும். தாளிலோ நைட்ரஜன் மிகக் குறைவு, கார்பன்தான் அதிகம். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

எல்லாத் தாளும் ஒன்றல்ல. அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே அமெரிக்கக் குப்பைமேடுகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்களைத் தேதியோடு வாசிக்க முடிந்தது! உள்ளே ஈரம் குறைவு என்பது ஒரு காரணம். மரத்தை அரைத்தே செய்யும் செய்தித்தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுவது இன்னொன்று; காற்றில்லாத இடத்தில் அதை நுண்ணுயிர்களால் அசைக்கவே முடிவதில்லை. வேதிமுறையில் கூழாக்கிய வெள்ளைத் தாளில் லிக்னின் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். ஆகவே எழுதித் தீர்ந்த வெள்ளைத் தாளையே எடு. பளபளப்பான அட்டை வேண்டாம். நறுக்கி நன்றாக ஊறவைத்துக் கூழாக்கிய பிறகே போடு.

தொடக்கத்தில் மட்டும் பசுஞ்சாணம் வேண்டும். மாட்டின் இரைப்பையிலிருந்து இந்த நுண்ணுயிர்கள் எல்லாம் அதில் வந்திருக்கும். அதன்பின் உணவுக் கழிவும் தாளுமே போதும். புனேயின் ஆர்ட்டி நிறுவனத்தில் ஆனந்த் கர்வே உருவாக்கிய, மாவுச்சத்துக் கழிவில் ஓடும் சிறு கலனுக்கு 2006-இல் ஆஷ்டன் விருது கிடைத்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலையும் எண்ணெயையும் தவிர்த்துவிடு. பிஎச் இறங்கினால் உணவு போடுவதை நிறுத்திவிட்டு, சமையல் சோடாவைக் கரைத்துச் சிறிது ஊற்று.

முதலில் வரும் வாயு எரியாது. அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதைத் திறந்த வெளியில் விட்டுவிடு. பிறகு வருவதில் மீத்தேன் பாதிக்கு மேல் இருக்கும். காற்றில் அது 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். எனவே ஆசிரியர் உடனில்லாமல் பற்றவைக்காதே. கலனருகே தீக்குச்சியே வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் குழாய் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்புநீர் தடவிப் பார். குமிழி வரும் இடத்தை அடைத்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா