திடலில் அவர்களுக்கும் இடமுண்டு



கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் மாலையானால் பிள்ளைகள் பந்து விளையாடுகின்றனர். ஆனால், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையோ வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கிறது. அதை ஆட்டத்திற்கு அழைப்பவர் யார்? இதுவே இன்றைய பாடம்.

இக்குறை தொற்று நோயன்று; பைத்தியமுமன்று. கற்பதற்குக் காலமும் பொறுமையும் அதிகம் வேண்டும், அவ்வளவே. ஆதலின் ஏளனப் பெயரிட்டு அழைப்பதை முதலில் நாம் விடவேண்டும்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அம்மையாருக்கு, இக்குறையுடைய ரோஸ்மேரி என்றொரு தமக்கை இருந்தார். 1962-ல் அம்மையார் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்தினார். அம்முயற்சி வளர்ந்து, 1968 ஜூலையில் சிகாகோவில் சுமார் 1,000 பேர் கலந்துகொண்ட முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடைபெற்றது. 2023-ல் பெர்லினில் சுமார் 7,000 பேர் போட்டியிட்டனர். நம் நாட்டிலும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் மலேசியா இயங்கி வருகிறது. எட்டு வயது நிரம்பியவர் போட்டியிடலாம். மேல் வயது வரம்பில்லை.

மிளகையும் அரிசி மூட்டையையும் ஒரே தராசில் நிறுப்பவன் வியாபாரியல்லன். இங்கும் அதே நியாயந்தான். முதலில் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். 20 விநாடியில் ஓடுபவரை 22 விநாடிக்காரருடன் சேர்ப்பார்களேயன்றி, 40 விநாடிக்காரருடன் நிறுத்தமாட்டார்கள். வயதும் பார்க்கப்படும். இதனால் ஒவ்வொருவருக்கும் வெல்லும் வாய்ப்புக் கிட்டுகிறது. குறையில்லாதவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் கூட்டு விளையாட்டும் உண்டு. நம் இளைஞர்களுக்கு அதுவே நல்ல வாயில்.

தொண்டு செய்வோர் அறியவேண்டியவை:

ஒன்று: ஒரு நேரத்தில் ஒரே கட்டளை சொல்லுங்கள்; சொல்வதோடு நில்லாமல் செய்தும் காட்டுங்கள்.

இரண்டு: அவர் செய்யவேண்டியதை நீங்கள் செய்து முடித்துவிடாதீர்கள். தடுமாறினாலும் சற்றுப் பொறுங்கள்.

மூன்று: டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவரைக் கேளாமல் குட்டிக்கரணம் போடவோ நீரில் தலைகீழாகப் பாயவோ விடலாகாது.

நான்கு: வருவதாகச் சொன்ன நாளில் தவறாது வாருங்கள். ஒரு மாதம் வந்து நின்றுவிடுபவரால், அப்பிள்ளைக்கு ஏக்கமே மிஞ்சும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வெட்கப்பட்டுப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைக்காதீர்கள். சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறுங்கள். அவ்விலாகாவின் ஆதரவில் நடக்கும் பி.டி.கே. மறுவாழ்வு நிலையங்களைப் பற்றியும் விசாரியுங்கள். விளையாட்டில் பங்குபெறும் உரிமையை 2008-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவர்களுக்கு வழங்குகிறது.

இதில் பதக்கத்தைவிடப் பெரிய பலன் ஒன்றுண்டு. பெற்றோர் என்றென்றும் கூட இருக்கப் போவதில்லை. அவர்களுக்குப்பின் அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க ஊரில் நாலு பேர் வேண்டாமா? அந்த நாலு பேர் திடலில்தான் கிடைப்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அவர்களில் ஒருவராக நாமும் ஆகலாம்.