கண்ணாடி நூலும் பிசினும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

தூத்துக்குடியின் திரேஸ்புரத்துக் கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் நாட்டுப்படகுகளைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள், பலகையால் கட்டிய வள்ளத்தைக் கண்டால் ஒரு கணம் நின்று அதன் வயதையும் மரத்தையும் விசாரிக்கிறார்கள்; ஆனால் அதன் பக்கத்திலேயே பளபளத்துக் கிடக்கும் ஃபைபர் படகை, 'பிளாஸ்டிக் படகு' என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட்டு நடந்துவிடுகிறார்கள். இதே தூத்துக்குடியில் கடலுக்குள் இறங்கி, மன்னார் வளைகுடாவின் தரையிலே ஏறத்தாழ 320 கிலோமீட்டர் கிடந்து, கொழும்பை அடுத்த கல்கிசையில் கரையேறுகிற ஒளியிழை வடம் ஒன்று உண்டு என்பதும், பாரத் சஞ்சார் நிகாமும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து அமைத்த அந்த வடம் 2006-ஆம் ஆண்டில் இரு தேசங்களின் பேச்சையும் செய்தியையும் சுமக்கத் தொடங்கியது என்பதும், அவ்வாறு நடந்துபோகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! மணலில் கிடக்கும் அந்தப் படகும் நீருக்கடியில் கிடக்கும் இந்த வடமும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவைபோல் தோன்றினாலும், கண்ணாடி இழை, பிசின் என்ற இரண்டு பதார்த்தங்களின் கூட்டுறவால் பிறந்தவையே. அந்தக் கூட்டாளிகளில் கண்ணாடிக்குக் கிடைத்த கீர்த்தி பிசினுக்குக் கிடைக்கவில்லை. இவ்விரு சாதனங்களையும் பற்றி மக்களிடையே வழங்கும் தவறான அபிப்பிராயங்களில் பலவும் அந்த ஓரவஞ்சனையிலிருந்தே பிறந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

'கண்ணாடி உடையும், உடைகிற பொருளைக் கொண்டு யாராவது கடலுக்குப் போகும் படகைச் செய்வார்களா?' என்பது முதல் ஐயம். ஜன்னலில் பதித்த கண்ணாடித் தகட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஐயம் இயல்பானதே. ஆனால் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலிருந்த அரசாங்க விமான ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய க்ரிஃபித் என்பவர், கண்ணாடியை உருக்கி மேன்மேலும் மெல்லிய நூல்களாக இழுத்துச் சோதித்து, நூல் மெலிய மெலிய அதன் வலிமை பெருகுவதைக் கண்டு, 1921-இல் வெளியான தமது கட்டுரையில் அதற்குக் காரணமும் கூறினார். கண்ணாடி இயற்கையிலேயே பலவீனமானதன்று. கண்ணுக்குப் புலனாகாத கீறல்கள் அதன் மேற்பரப்பில் இருப்பதால், இழுவிசை முழுவதும் அந்தக் கீறலின் முனையிலே குவிந்து அதைப் பிளந்துவிடுகிறது. கீறலில்லாத புதுக் கண்ணாடி நூலோ, அதே பருமனுள்ள எஃகுக் கம்பியை வெட்கப்படச் செய்யும். ஆகவே கேள்வி, கண்ணாடி வலிமையுள்ளதா என்பதன்று. அந்த வலிமையைக் கீறலிலிருந்து காப்பது எது என்பதே. பிசினின் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது.

படகு கட்டும் கொட்டகையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, அதன்மேல் நிறம் கலந்த ஜெல்கோட் என்ற மேற்பூச்சைப் பூசி, அது இறுகியபின், வைக்கோலைத் தாறுமாறாகப் பரப்பி அமுக்கியதுபோல் இருக்கும் கண்ணாடி மேட்டைக் கத்தரித்து விரித்து, ரெசின் என்னும் திரவப் பிசினைத் தூரிகையால் ஊட்டுகிறார்கள். வெள்ளையாயிருந்த மேட் ரெசினைக் குடித்ததும் கண்ணெதிரே நிறமற்று மறைந்துபோவதும், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை உருளையால் ஓட்டி ஓட்டி விளிம்புக்குத் தள்ளுவதும், பிறகு அடுத்த மேட்டை விரிப்பதும் பார்க்கச் சுவையான காட்சிகள். இவ்வாறு கையால் செய்யப்படும் பலகையில் எடைக்கணக்கில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணாடி, மிகுதியெல்லாம் பிசின். இழுவிசையைத் தாங்குவது கண்ணாடி என்றாலும், லட்சக்கணக்கான இழைகளை ஓரிடத்தில் பிடித்துவைத்து, ஒன்றின் சுமையை மற்றொன்றுக்குப் பகிர்ந்தளித்து, ஈரமும் உராய்வும் அணுகாமல் காப்பது பிசினே.

அந்த ரெசின் 'காய்கிறது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேலை செய்கிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். சுவரில் அடித்த சுண்ணாம்பு காய்வதுபோல் இது காய்வதில்லை. பாலியெஸ்டர் ரெசினில் கரைந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் ஒரு சிறு பகுதி நெடியாகக் காற்றில் போய்விட, மற்றதெல்லாம் பாலியெஸ்டர் மூலக்கூறுகளுக்கிடையே பாலம் போட்டு, முழுவதையும் ஒரே வலைப்பின்னலாகக் கட்டிவிடுகிறது. இது ஒரு ரசாயன விவாகம். முடிந்தபின் பிரிக்க முடியாது, மறுபடி உருக்கவும் முடியாது. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்தபின், வெயிலில் வைத்த வாளி மட்டுமல்லாமல் நிழலில் வைத்த வாளியும் தொட்டால் சுடுவதே இதற்குப் பிரத்தியட்ச சாட்சி.

இதிலிருந்து கிளைத்த இன்னொரு நம்பிக்கை, ஹார்டனரை அதிகமாக ஊற்றினால் படகு அதிக உறுதியாகும் என்பது. நூறு பங்கு ரெசினுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். அளவு மீறினால் சூடு மிகுந்து, பலகை சுருங்கி, மயிரிழை வெடிப்புகள் கண்டு, உறுதி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துபோகும். இறுகுவதை விரைவுபடுத்தும் ஊதா நிறக் கோபால்ட் திரவத்தையும் நிறமற்ற ஹார்டனரையும், ரெசின் இல்லாமல் நேராக ஒன்றோடொன்று கலந்தாலோ, தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அதன்பிறகே ஹார்டனரைச் சேர்ப்பது வழக்கத்தால் வந்த சம்பிரதாயமன்று, உயிர் காக்கும் விதி. இரண்டு டப்பாக்களையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பிரித்து வைப்பது நல்லது.

ஃபைபர் படகு மூழ்காது, உளுக்காது, பராமரிப்பே வேண்டாம் என்று விற்கிறவர்கள் சொல்வதைச் சுருக்கமாகவே கவனிப்போம். கண்ணாடியும் பிசினும் சேர்ந்த பலகை தண்ணீரைவிட அடர்த்தி மிக்கது. ஒரு துண்டை வெட்டிக் கடலில் போட்டால் நேரே அடிக்குப் போய்விடும். கவிழ்ந்த படகை மிதக்க வைப்பது அதன் அறைகளில் அடைத்த நுரைப்பொருளேயன்றிப் பலகை அன்று. உளுப்பதில்லை என்பது மெய். ஆனால் ஜெல்கோட்டில் விழுந்த கீறல் வழியாக நீர் மெல்ல ஊறி, உள்ளே கொப்புளம் கட்டும் நோய் அதற்கும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்க் கரையெங்கும் அவசர அவசரமாகக் கட்டி வழங்கப்பட்ட ஃபைபர் படகுகளில் சில, கட்டுமானக் குறையால் விரைவிலேயே பழுதானதை இக்கரையோர மக்கள் நன்கறிவார்கள்.

பிசின் என்பது அந்நியச் சரக்கு, நம் முன்னோர் அறியாதது என்ற எண்ணமும் திருத்தத்துக்குரியது. மேற்கு மலைத்தொடரிலிருந்து வந்த குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மரக்கலங்களின் மூட்டுவாய்களில் பூசுவது இந்நாட்டின் பழைய தொழில். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடியும் கரிய எண்ணெயைக் கட்டுமரங்களுக்கும் வள்ளங்களுக்கும் பூசிய செம்படவர், அதே எண்ணெயிலிருந்து தொழிற்சாலைப் பிசின் வடிக்கப்பட்டு மோட்டார் வண்டிகளின் பிரேக் பட்டைகளில் சேர்கிறது என்பதைக் கேட்டால் வியப்படையலாம். ஏன், கடலடித் தந்தியே ஒரு மரப்பாலின் தயவால்தான் சாத்தியமாயிற்று. மலேயாக் காடுகளில் வளர்ந்த கட்டாபெர்ச்சா மரத்தின் பால் 1840-களில் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது; உப்புநீரில் கெடாமலும் மின்சாரத்தைக் கசியவிடாமலும் செம்புக் கம்பியைப் போர்த்த அதைவிடச் சிறந்த பொருள் அக்காலத்தில் இல்லை. பால் வடிப்பதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்த பேராசையால் அக்காடுகள் அழிந்தன என்பது அந்தப் புகழின் மறுபக்கம். 1933-இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பாலிதீன் பிறகு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்றைய ஒளியிழை வடத்தின் மேலுறையும் அதுவே.

இனி வடத்துக்கு வருவோம். வெளிநாட்டுக்குப் போகும் பேச்சும் படமும் வானிலுள்ள செயற்கைக்கோள் வழியாகவே போகின்றன என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். கண்டம்விட்டுக் கண்டம் செல்லும் செய்திகளில் மிகப் பெரும்பகுதி கடலடி வடங்களின் வழியேதான் போகிறது. பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரு சொல் மேலே போய்க் கீழே வரவே சுமார் கால் விநாடி ஆகிவிடும். கண்ணாடியினுள் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளிக்கோ, தூத்துக்குடியிலிருந்து கல்கிசை போய்ச்சேர ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆகாது. வானத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தமான் மக்களிடம் கேட்கவேண்டும். 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் பிற தீவுகளுக்கும், சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள வடம் திறந்துவைக்கப்படும் வரையில், அவர்கள் செயற்கைக்கோளின் குறுகிய வாசலில்தான் காத்துக்கிடந்தார்கள்.

ஒளியிழையைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியரே என்று நம்மவர் பெருமை பேசுவதில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியையும் சொல்லிவிடுவதுதான் அப்பெரியாருக்கு மரியாதை. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926-இல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக்கற்றை வழியாகப் படத்தை அனுப்பிக் காட்டி, 1954-இல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார். இத்துறைக்கு வழங்கும் ஆங்கிலப் பெயரைப் பிரசித்தமாக்கியவரும் அவரே. ஆனால் அக்கால இழைகளில் ஒளி சில மீட்டர் தூரத்திலேயே மங்கிவிடும். வயிற்றுக்குள் பார்க்க அது போதும், கடலைக் கடக்கப் போதாது. குற்றம் கண்ணாடியில் அன்று, அதிலுள்ள அழுக்கில்தான் என்று 1966-இல் கணக்கிட்டுச் சொன்னவர்கள் சார்லஸ் காவ், ஹாக்ஹாம் என்ற இருவர். ஒரு கிலோமீட்டர் தாண்டியபின் நூறில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சினால் செய்தித்தொடர்பு கைகூடும் என்று அவர்கள் எல்லை வகுத்தார்கள். அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடி ஸ்தாபனத்தைச் சேர்ந்த மாரர், கெக், ஷூல்ட்ஸ் என்ற மூவரும் 1970-இல் அந்த எல்லையைக் கடந்தார்கள். இன்றைய இழையில் நூறு கிலோமீட்டர் சென்ற பிறகும் அந்த நூறில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு வந்தது, கபானிக்கு வரவில்லை என்று மனத்தாங்கல் கொள்வோர் உண்டு. பரிசு எதற்காக என்று பார்த்தால் மனத்தாங்கல் சற்றுத் தணியும்.

இந்தப் பெயர்ப்பட்டியல்களில் பிசினைச் சமைத்தவர்கள் எங்கும் வருவதில்லை என்பதே என் குறை. சுமார் 2,000 பாகை வெப்பத்தில் இளகிய கண்ணாடித் தண்டிலிருந்து, நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இழுக்கப்படும் நூல், காற்றிலுள்ள ஒரு தூசியோ ஈரமோ படுமுன் திரவப் பிசினுக்குள் நுழைந்து வெளிவருகிறது. உடனே புறஊதா ஒளி பட்டு, கண்ணிமைப்பதற்குள் அப்பிசின் இறுகிவிடுகிறது. உள்ளே மிருதுவான ஓர் உறை, வெளியே கடினமான ஓர் உறை. முன்னது சிறு நெளிவுகளில் ஒளி கசியாமல் மெத்தையாகிறது, பின்னது உராய்வைத் தடுக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு பருமனுள்ள கண்ணாடி, இவ்வாறு கால் மில்லிமீட்டர் பருமனாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 'கண்ணாடி இழை' என்று நாம் பெயரிட்டு அழைக்கும் அந்த நூலின் குறுக்குப்பரப்பில் கால் பங்குதான் கண்ணாடி, முக்கால் பங்கு பிசின்!

சுறா கடித்து வடம் அறுந்தது என்ற செய்தி பத்திரிகைக்காரருக்கு மிகவும் பிடித்தமானது. 1985-இல் கானரித் தீவுகளருகே பரீட்சார்த்தமாகப் போட்ட ஒரு வடத்தில் சுறாப் பல் சிக்கியிருந்தது மெய்யே. ஆனால் உலகில் ஆண்டுதோறும் நேரும் நூற்றைம்பது இருநூறு பழுதுகளில் பெரும்பாலானவை கப்பல் நங்கூரத்தாலும் மீன்பிடி வலைகளாலும் நேர்பவை. 2008-இல் துபாயருகே அறுந்த வடத்தின் பக்கத்திலேயே கைவிடப்பட்ட பெரிய நங்கூரம் கிடந்தது. வடத்துக்குள் விலையுயர்ந்த உலோகம் குவிந்திருக்கிறது என்ற மயக்கத்தால் 2007-இல் வியட்நாமில் சிலர் கிலோமீட்டர் கணக்கில் அதை வெட்டிக் கரைசேர்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பழைய இரும்புக்கடை விலை, தேசத்துக்குக் கிடைத்ததோ பல வார முடக்கம்.

கடைசியாக ஒரு நம்பிக்கை: வலையோ நங்கூரமோ வடத்தில் மாட்டிக்கொண்டால், எப்படியாவது இழுத்து மீட்டுவிட வேண்டும், விட்டுவந்தால் நஷ்டம் நம்முடையதே என்று கடலுக்குப் போகிறவர்கள் எண்ணுகிறார்கள். இந்தியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கை வேறுவிதமாகச் சொல்கிறது. முன்கூட்டியே தக்க எச்சரிக்கை எடுத்திருந்தும், வடத்துக்குச் சேதம் வராமலிருக்கும் பொருட்டு வலையையோ நங்கூரத்தையோ இழக்க நேர்ந்தவருக்கு, வடத்தின் உரிமையாளர் ஈடு கொடுக்கும்படி ஒவ்வொரு நாடும் சட்டம் செய்யவேண்டும் என்பது அதன் 115-ஆம் விதி. 1884-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையே இதற்கு வழி செய்திருந்தது. ஆகவே மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வலையையோ நங்கூரக் கயிற்றையோ அறுத்துவிட்டு, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, கரைக்கு வந்ததும் மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுத்துமூலமாகத் தெரிவியுங்கள்.