டைமிங் பெல்ட்: வீட்டிலேயே மாத்தினா எது மிச்சம்?

முதல்ல உங்க கார்ல பெல்ட்டா, செயினான்னு பாருங்க. மாருதி 800, பழைய சான்ட்ரோவில் பெல்ட்; ஆல்டோ கே10-ல செயின், அவங்களுக்கு இந்தச் செலவே இல்லை. ஓடும்போது பெல்ட் அறுந்தா, பல இன்ஜின்களில் பிஸ்டன் இடிச்சு வால்வு வளைஞ்சிடும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டையே இறக்கணும்.

வீட்டில் மாத்தினா மிச்சமாவது லேபர் மட்டும்தான். அந்தக் காசுல டென்ஷனரையும் புதுசா போட்டுடுங்க.

கழட்டும் முன் கிராங்க், கேம் புல்லிக் குறிகள் ரெண்டும் நேரா நிக்கணும். புதுசு மாட்டியதும் உடனே சாவி போடாதீங்க! ஸ்பேனர் வச்சு, இன்ஜின் ஓடுற திசையிலேயே கிராங்க்கை 2 முழுச் சுற்று சுத்துங்க; கேம் 1 சுற்றுதான் சுத்தும். குறிகள் மறுபடி பொருந்தணும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழட்டி மாட்டுங்க. நடுவுல இறுகினா, பலம் கொடுக்காம நிறுத்திடுங்க.