உரைகல்லுக்குத் தெரியாதது

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ குசுகுசுவென்று பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே இரண்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இதெல்லாம் போனில் பேசுகிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம்.

மூன்று வாரத்தில் பதினொரு நகைக் கடன். பேர்கள் வேறு வேறு, ஆனால் நாலு விண்ணப்பத்தில் ஒரே செல்போன் எண். எல்லாமே வளையல், மதிப்புப் போட்டது ஒரே அப்ரைசர். “வளையலில் தேய்மானமே இல்லை மாமா” என்றாய். நல்ல கண் உனக்கு. அடகுக்கு வருகிற வளையல் கையில் கிடந்து நசுங்கி, இடுக்கில் சோப்பும் மஞ்சளும் அப்பிக்கொண்டுதான் வரும்.

ஆனால் ஒன்று. மேல்பூச்சு கனமாக இருந்தால், உள்ளே செம்பாக இருந்தாலும் உரைகல்லில் இழுத்த கோடு தங்கம் என்றுதான் சொல்லும். அப்ரைசர் கூட்டாளியாக இருக்கலாம், ஏமாந்தவராகவும் இருக்கலாம். உங்கள் மேனேஜருக்குப் பங்கு இருக்கலாம், அசட்டையாகவும் இருந்திருக்கலாம். இதில் எது என்று உனக்குத் தெரியாது. ஆகவே நீ எழுதப்போவதில் ‘மோசடி’ என்ற வார்த்தையே வேண்டாம். எண், தேதி, கண்ணால் கண்டது, அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சர்வீஸில் சேர்ந்த புதிது. யாரும் தொடாமல் கிடந்த ஒரு சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. வவுச்சரில் என் பக்கத்து இருக்கைக்காரரின் இனிஷியல். சாப்பாட்டு நேரத்தில், பத்துப் பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருக்கும்போது, அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணையில், அவர் இனிஷியலை வேறொருவன் போட்டிருந்தது தெரிந்தது. மனிதர் திரும்பி வந்து அதே நாற்காலியில் பதினொரு மாதம் உட்கார்ந்திருந்தார். வவுச்சரை என் பக்கம் தள்ளுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். இனிஷியல் இருந்தது நிஜம். யார் போட்டது என்று நான் பார்க்கவில்லை, பார்த்தவன் மாதிரிப் பேசினேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஒரு நோட்டில் தினமும் எழுதி வை: எந்த நாள், எந்தக் கடன் எண், என்ன பார்த்தாய், பக்கத்தில் யார் இருந்தார்கள். சந்தேகத்தில் எந்த நகைப் பையையும் தனியாகப் பிரிக்காதே. சீல் உடைந்த பையில் கவரிங் இருந்தால், மாற்றி வைத்தவளே நீதான் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. வாடிக்கையாளர் காகிதங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் கூடாது, எனக்கும்கூட. அடுத்து அதே மாதிரி வளையல் உன் மேசைக்கு வந்தால், இன்னொரு அப்ரைசரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேள். எந்த வங்கியிலும் நடக்கிற காரியம்தான், யாரையும் குற்றம் சொன்னதாக ஆகாது.

மொட்டைக் கடிதம் போடலாமா என்று கேட்டாய். வேண்டாம், அது பெரும்பாலும் குப்பைக்கூடைக்குத்தான் போகும். மேனேஜரிடம் முதலில் சொல்வதுதான் முறை. ஆனால் பெட்டகச் சாவியும் கடன் அனுமதியும் அவர் கையிலேயே இருக்கும்போது, உங்கள் தலைமை அலுவலக விஜிலென்ஸுக்கு நேராக எழுதுவதில் தவறில்லை. அங்கேயும் பயமாக இருந்தால் டெல்லியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் இருக்கிறது. உன்னுடையது அரசுடைமை வங்கி என்பதால் அந்தக் கதவு உனக்குத் திறக்கும். பொதுநலன் கருதிய புகார் என்று உறைமேல் குறிப்பிட்டு, ஒட்டி, ஆணையச் செயலாளர் பெயருக்கு அனுப்ப வேண்டும். உன் பேரும் விலாசமும் உள்ளே இருக்கும் கடிதத்தில் இருக்க வேண்டும், உறைமேல் இருக்கக் கூடாது. பேர் இல்லாத புகாரை எடுக்க மாட்டார்கள்; பேர் கொடுத்தால் வெளியே விடக் கூடாது என்பது விதி.

அந்த விதிக்கு ஒரு உயிர் விலையாகப் போயிருக்கிறது. சத்யேந்திர துபே என்ற இளம் என்ஜினீயர், தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளை 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பேரை ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தார். கடிதம் பேரோடேயே மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறி என்று வழக்கு முடிந்தது. எத்தனை பேர் நம்பினார்களோ. அதன் பிறகுதான் 2004-ல் இந்த ஏற்பாடு வந்தது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆர்வக்கோளாறில் கேன்டீனில் தோழியிடம் வாயை விட்டுவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன். புகாரை ரகசியமாக வைக்கிற பொறுப்பில் பாதி உன்னுடையது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வருகிறேன். நோட்டை எடுத்து வை, இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுவோம். முதல் வரைவில் நீ கோபமாக எழுதுவாய், எழுது. அடிப்பதற்குச் சிவப்புப் பேனா நான் கொண்டுவருகிறேன். அம்மாவிடம் கண் பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன், மாற்றிச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
மாமா